உப்பு மிளகு விழுந்த வண்டி

அத்தியாயம் 14

போன வாரம் நாம் அமலராணியை விட்டுவிட்டு வந்தபோது அவள் கையில் சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்து ஆர்டர் இருந்தது. இடுப்பில் பதினான்கு மாதத்து ரீத்தா இருந்தாள். எதிரே மாமனார் கஸ்பார் நின்றுகொண்டிருந்தார். மூன்றில் எது அதிகக் கனம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் டீச்சர் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். மாமியார் இல்லாத வீடு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. பள்ளிக்கு எதிர்வீட்டு ஒச்சம்மாள் பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மைல் நடக்க வேண்டும். ரீத்தா இன்னும் நடக்க மனம் வைக்கவில்லை. சாப்பிடுவதில் மட்டும் நன்றாக மனம் வைத்திருந்தாள். பெரிய ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த மதுரை டாக்டரம்மாவோ, கனம் தூக்கினால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதனால்தான் வண்டி. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. ஒன்றே ஒன்று.

"வேலைக்குப் போ, வேண்டாங்கல" என்று கஸ்பாரும் இறங்கி வந்திருந்தார். "ஆனா ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் பேத்தி பஸ் ஸ்டாண்டுல இடுப்புல தொங்கிக்கிட்டுப் போறதுக்கு நான் அப்ஜெக்ஷன்."

அவர் ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. திண்டுக்கல் சாக்கடைகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தலையிலிருந்த காக்கித் தொப்பி மட்டும் ரிட்டயராக மறுத்துவிட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தோனியார் திருவிழா. முதல் பூசை முடிந்த கையோடு குடும்பம் மொத்தமும் சௌகத் அலி கடைக்குப் போயிற்று.

கோடைக்கானலில் வெள்ளைக்காரர் யாராவது பங்களாவைக் காலி செய்துகொண்டு கப்பலேறினால், அந்த வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் மலையிறங்கிச் சௌகத் அலி கடைக்கு வந்து சேரும். பிடியில்லாத டீக் கோப்பைகளுக்கும் ஊசியில்லாத கிராமபோனுக்கும் நடுவே அவர் நடந்து போய், இரண்டு வண்டிகளை வாசலுக்கு இழுத்து வந்தார்.

ஒன்று பெரிது. கறுப்பு உடம்பு, பளபளக்கிற கம்பிச் சக்கரம், விரித்தால் குடைபோலக் கவிகிற கூரை, தொட்டால் ஊஞ்சலாடுகிற ஸ்பிரிங். ஏதோ ஒரு துரையின் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையாக அதில் படுத்து வளர்ந்தார்களாம்.

மற்றது நீலக் கான்வாஸ் துணி போட்ட சின்ன வண்டி. சாய்வு நாற்காலி ஒன்று குட்டி போட்ட மாதிரி இருந்தது.

அமலராணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அதன் அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். சடக்கென்று மடங்கியது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். தேங்காய்ப் பையைவிடக் கனமில்லை.

"இதுதான் மாமா."

கஸ்பார் காதில் விழவில்லை. அவர் தலை பெரிய வண்டியின் கூரைக்குள் இருந்தது. மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரெய்னேஜ் பிரமாதம்" என்றது உள்ளிருந்து குரல். "அடியில ஓட்டை வச்சிருக்கான் பாரு. பிள்ளை ஒண்ணுக்குப் போனா தேங்காது. வெள்ளைக்காரன் மூளையே மூளை."

"அது ஆணி கழண்டு விழுந்த ஓட்டைங்க ஐயா" என்றார் சௌகத் அலி. வியாபாரி என்றாலும் சில நேரம் உண்மை வாய் தவறி வந்துவிடும்.

கஸ்பார் தலையை வெளியே எடுத்தார். விரலால் வண்டியை லேசாக அழுத்தினார். அது ஆடியது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் ஆடியது. அறுபத்தொரு வயது முகத்தில் ஆறு வயதுச் சிரிப்பு ஒன்று வந்து, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று உடனே மறைந்துகொண்டது.

"இதுதான்" என்றார்.

"பஸ்ஸுல ஏறாது மாமா. கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். மடக்குற வண்டின்னா சீட்டுக்கு அடியில வச்சுக்கங்கன்னார். மடக்காத வண்டிக்கு எடமே இல்லைன்னுட்டார்."

"மேல கட்டிக்கிடலாம்."

"கோழிக் கூடை கட்டுற எடத்துலயா?"

"துரை வண்டி எங்க இருந்தாலும் துரை வண்டிதான்."

"தினம் ரெண்டு தடவை யாரு மாமா மேல ஏறிக் கட்டுறது?"

கஸ்பார் மகனைப் பார்த்தார். அமலராணி கணவனைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆள்தான். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் கிறிஸ்துராஜ். அவன் வானத்தைப் பார்த்தான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவன் வழங்கிய தீர்ப்புகள் அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம்.

சௌகத் அலி குறுக்கே வந்தார். "ஐயா, ஒண்ணு செய்ங்க. பெருசை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாயந்தரம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஒத்து வரலைன்னா திருப்பிக் கொண்டாந்துட்டுச் சின்னதை எடுத்துக்கங்க. ஆனா ஆறரைக்குள்ள வந்துரணும். வத்தலக்குண்டுக்காரர் ஒருத்தரும் சின்னதைக் கேட்டிருக்காரு. அவரு வந்துட்டா நான் நிறுத்தி வைக்க முடியாது."

"டிரயல்!" என்றார் கஸ்பார். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வீட்டு வாசல் துரைகளை எதிர்பார்த்துக் கட்டியது இல்லை. வண்டி நேராக நுழைய மறுத்தது. சாய்த்துப் பார்த்தார்கள், பின்பக்கமாக இழுத்துப் பார்த்தார்கள். சக்கரம் நிலைக்கதவில் இடித்துக்கொண்டு நின்றது.

"வாசல் ரூல்படி இல்ல" என்று கஸ்பார் கண்டுபிடித்தார். நாற்பது வருஷமாக அவர் போய் வந்துகொண்டிருந்த வாசல் அது.

"அப்ப இப்பவே கடையில விட்டுட்டு வந்துரலாமா மாமா?"

"பொறு. சாயந்தரம் அந்தோனியார் சப்பரம் எந்தத் தெரு வழியா வருது?"

"நம்ம தெரு வழியாத்தான்."

"அப்பப் பிள்ளை எதுல உக்காந்து சாமி பாக்கணும்?"

அமலராணி கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

அதற்குப்பிறகு அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டாள். பன்னிரண்டுக்கு, கஸ்பார் சப்பரம் ஜோடிக்கிற இடத்தில் மிச்சம் விழுந்த தங்கக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வந்தார். இரண்டுக்கு, நிலக்கோட்டைப் பூக்காரியிடம் கனகாம்பரமும் செவ்வந்தியும் ஒரு கூடை வந்தன. மூன்றே காலுக்கு வண்டியின் கூரையைச் சுற்றித் தங்க ஜரிகை ஏறியிருந்தது. அமலராணி கூட்டின அறையையே மறுபடி கூட்டினாள். மடித்த துணியை உதறி மடித்தாள்.

"ராணி, செத்த நேரம் உக்காரு" என்றான் கிறிஸ்துராஜ்.

"நீங்கதான் காலையில இருந்து உக்காந்திருக்கீங்களே. வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

ஐந்து மணிக்கு ரீத்தாவுக்கு வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய குல்லாய் வைத்து, பூவுக்கு நடுவே உட்காரவைத்து, தெருவோரத்தில் நிறுத்தினார்கள். கஸ்பார் தொப்பியும் கோட்டுமாகப் பக்கத்தில் நின்றார். கிறிஸ்துராஜ் குடை பிடித்தான். வெயில் இல்லை; ஆனாலும் பிடித்தான்.

சப்பரம் வரவில்லை. மைக் செட்டுக்கு பாட்டரி இறங்கிவிட்டதாம்.

தெரு கொள்ளாமல் ஜனம். அந்தோனியார் சப்பரம் வந்தால் நேர்ந்துகொண்டவர்கள் உப்பும் மிளகும் அள்ளி அதன்மேல் வீசுவது வழக்கம். மரு உதிர வேண்டும், கட்டி கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தானா என்றெல்லாம் அந்தோனியார் கேட்பதில்லை. சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் எல்லாரும் மடியில் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் வேறு அவர்களுக்கு.

சந்துக்குள்ளிருந்து மூக்காயி என்ற கிழவி வேகமாக வந்தாள். தங்கக் கூரை தெரிந்தது. பூ தெரிந்தது. நடுவில் வெள்ளை உடுப்பும் கிரீடமுமாக ஓர் உருவம் தெரிந்தது. பக்கத்தில் குடை. வேறென்ன வேண்டும்?

"சாமி! எம் மகனுக்குக் கழுத்துல கட்டி. கரைஞ்சு போகணுஞ்சாமி!"

பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி வீசினாள். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கஸ்பார் ஒரு வினாடி திகைத்தார். மறுவினாடி அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது வருஷம் இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவருக்கு ஜனங்கள் காட்டுகிற மரியாதை இது. கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று கைகூப்பினார். "என் கடமையத்தான் செஞ்சேன்."

மூக்காயிக்குப் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். பத்துப் பேரைப் பார்த்து ஐம்பது பேர் வந்தார்கள்.

"இது எந்தச் சாமிடி?"

"தெரியலையாக்கும்? சின்ன அந்தோனியாரு. பெரியவரு பின்னால வாராரு."

ஒருத்தி காலைக் கட்டிய கோழி ஒன்றை ரீத்தாவின் காலடியில் வைத்தாள். இன்னொருத்தி மெழுகுவத்தியைப் பொருத்தி, காகிதக் கூரையில் எங்கே நடலாமென்று பார்த்தாள். "அட, அணைங்கம்மா!" என்று கிறிஸ்துராஜ் குடையால் தடுத்தான்.

ரீத்தா கோழியைப் பார்த்துச் சிரித்தாள். மடியில் கிடந்த மிளகைப் பார்த்தாள். சாப்பிடுவதில் மனமுள்ள பிள்ளை அல்லவா? நாலைந்தைப் பொறுக்கி வாயில் போட்டுக் கடித்தாள்.

ஒரு நிமிஷம் ஏதோ யோசிப்பவள் போல இருந்தாள்.

பிறகு அவள் போட்ட சத்தத்தில் நாலு தெரு தள்ளி நின்ற பேண்டு வாத்தியக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதே நேரம் இன்னொரு கை உப்பு கண்ணில் விழுந்தது.

அமலராணி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைப் பூவோடு வாரி எடுத்தாள். வாய்க்குள் விரலை விட்டு மிளகை வழித்தாள். பக்கத்து வீட்டு அய்யம்மாள் செம்போடு ஓடிவர, கண்ணைக் கழுவிவிட்டாள். ரீத்தாவின் உதடு சிவந்து தடித்திருந்தது.

"பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் கஸ்பார். "ஜனம் காத்துக்கிட்டிருக்குல்ல?"

அமலராணி நின்றாள். மூன்று வருஷமாக அவரிடம் எத்தனை வாதம் செய்தாலும் கடைசியில் 'சரி மாமா' என்றுதான் முடித்திருக்கிறாள்.

"ஜனத்துக்கு நீங்களே ஏறி உக்காருங்க மாமா."

மணி ஆறு. கணவனிடம் திரும்பினாள். "வண்டியத் தள்ளிக்கிட்டு வாங்க. கடையில விட்டுட்டுச் சின்னதை எடுப்போம்."

"எப்படி ராணி? சக்கரத்தைப் பிடிச்சுக் கும்பிட்டுக்கிட்டிருக்காங்க."

"அப்ப நீங்களும் கும்பிட்டுக்கிட்டே இருங்க."

ரீத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியிலேயே அடிவயிறு இழுத்துப் பிடித்தது. நிற்கவில்லை.

கடையில் வத்தலக்குண்டுக்காரர் வந்துவிட்டிருந்தார். கண்ணுசாமி என்று பெயர், தென்னந்தோப்புக்காரர். நீல வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தார்.

"கடிக்குது பாய் இது! அரைமணி நேரமா மடங்க மாட்டேங்குது."

அமலராணி செருப்பைக் கழற்றினாள். பிள்ளையை இறக்காமலே கட்டைவிரலால் ஒரு தட்டு. சடக்.

கண்ணுசாமி அவளையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆத்தாடி. எங்க வீட்டம்மாவுக்கு இம்புட்டுப் பொறுமை கெடையாது தாயி. அருவாளால வெட்டித்தான் மடக்குவா. ஏன் பாய், மடங்காத வண்டி ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. இந்தத் தங்கச்சி வீட்டுல நிக்கிது."

"எங்களுக்கு அது வேணாம் பாய்" என்றாள் அமலராணி. மூச்சு வாங்கியது. "இதுதான் வேணும். நாளைக்குக் காலையில நான் வேலையில சேரணும்."

சௌகத் அலி தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. இதைத் தள்ளிக்கிட்டுப் போ. இவரைக் கூட்டிட்டுப் போயி அதை இவரு கையில ஒப்படைச்சுரு. அது இவருக்குக் கிடைக்காட்டி மட்டும் இதை இவரு கையில குடுத்துரணும். ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்துட்டேன், பொய்யாக்கிறாத தங்கச்சி."

"வண்டி கெடைச்சாப் போதும், நான் காய்கறி லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன்" என்றார் கண்ணுசாமி.

ரீத்தா நீல வண்டியில் ஏறியதும் தேம்பலை நிறுத்திவிட்டாள். ரோட்டுக் கல்லெல்லாம் சக்கரத்தில் கடகடத்தது. அமலராணிக்கு இடுப்பு லேசாயிற்று. அரை மைலா? இப்படியே தள்ளினால் சின்னாளப்பட்டிக்கே நடந்து போய்விடலாம் போலிருந்தது.

தெருமுனை வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

சப்பரம் வந்துவிட்டது. முன்னால் மைக் செட்டு வைத்த மாட்டுவண்டி. அதன் நாலு மூலையிலும் நாலு குழாய். அதற்கும் முன்னால், கோழியோடும் பூவோடும் துரை வண்டி. அதைத் தள்ளிக்கொண்டு கஸ்பார். கண்கள் பாதி மூடியிருந்தன.

உபதேசியார் ஞானதாஸ் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் உயர்திரு கஸ்பார் அவர்கள், தம் அருமைப் பேத்திக்கென வாங்கிய இந்தச் சீமை வண்டியை, நம் ஆலயத்துக்குக் காணிக்கையாக அளிக்கிறார்!"

நடந்தது இதுதான். உப்பும் மிளகும் காசும் விழுந்த வண்டியைக் கண்டு ஞானதாஸ் 'இது யாரு வண்டி?' என்று கேட்டிருக்கிறார். அத்தனை கும்பிடு வாங்கிய பிறகு, 'கடைக்காரர் சாயந்தரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது' என்று கஸ்பாரால் சொல்ல முடியுமா? 'எல்லாம் கோயிலுக்குத்தான்' என்று சொல்லிவிட்டார். நாலு குழாயும் கொஞ்சம் முன்பின்னாகக் கத்தியதால், கடைக்காரர் வண்டியை அவர் நாலு தடவை தானம் செய்தது போலாயிற்று.

"ஏந்தாயி, யாரு வண்டியச் சொல்றாக?" என்றார் கண்ணுசாமி.

"உங்க வண்டியத்தான்."

"நான் இன்னுந் தொட்டுக்கூடப் பாக்கலையே!" அவர் நீல வண்டியைப் பார்த்தார். "அப்ப எனக்கு இதுதானா?"

அமலராணியின் கை பிடியில் இறுகியது. நேராகக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டாள். "வழி விடுங்க, வழி விடுங்க" என்றவள் நின்றது கிறிஸ்துராஜுக்கு முன்னால்தான்.

அப்போது ஞானதாஸ் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கஸ்பாரிடம் நீட்டியிருந்தார். கஸ்பார் தொப்பியைக் கழற்ற வேண்டி, மைக்கை மகனிடம் கொடுத்திருந்தார்.

"என்னங்க" என்றாள் அமலராணி தணிந்த குரலில். "இவரு வண்டிக்கு வந்திருக்காரு. எதைக் குடுக்கட்டும்? அதையா, இதையா?"

கிறிஸ்துராஜ் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குனிந்து மகளைப் பார்த்தான். உதடு இன்னும் தடித்திருந்தது. இமையில் ஒரு உப்புக்கல் ஒட்டியிருந்தது. அதை விரலால் துடைத்தான்.

பிறகு அப்பாவின் காதோரம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெல்லச் சொன்னான். மைக் கையிலேயே இருந்தது.

"அப்பா, அது நம்ம வண்டி இல்லப்பா. சௌகத் அலி பாய் ஓட்டிப் பாக்கக் குடுத்தது. நம்ம பிள்ளைக்கு மடக்கு வண்டிதான்பா ஆகும்."

நாலு குழாயும் அதை நாலு திசைக்கும் சொல்லின. 'ஆகும்... ஆகும்...' என்று தெருக்கோடி வரை போயிற்று.

பேண்டு நின்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஞானதாஸ் மைக்கைப் பிடுங்கி, செபமாலையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

கண்ணுசாமி நேரத்தை வீணாக்கவில்லை. கோழியைத் தூக்கி ஞானதாஸின் கையில் கொடுத்தார். காசைப் பொறுக்கி உண்டியலில் போட்டார். "பூவையுஞ் சேத்து எடுத்துக்கிடவா தாயி?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். போகிற வண்டியின்மேலும் இரண்டு பேர் உப்பு வீசினார்கள்.

கஸ்பார் தொப்பியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. கூட்டம் தானாக விலகி அவருக்கு வழிவிட்டது. குப்பை வண்டிக்காரர்களுக்கு விடுகிற அதே வழி.

சப்பரம் தாண்டிப்போன பிறகு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ரீத்தா வண்டியிலேயே தூங்கிவிட்டாள். நீல வண்டி வாசலுக்குள் சிரமமில்லாமல் நுழைந்திருக்கும், வாசல்தான் பூட்டியிருந்தது.

அய்யம்மாள் தன் வீட்டு நடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒங்க மாமா வந்தாரேம்மா. பீரோவத் தெறந்து என்னமோ எடுத்தாரு. பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமா விறுவிறுன்னு போனாரு. எங்கண்ணேன்னு கேட்டேன், பேசலை."

"கையில என்ன இருந்துச்சுக்கா?"

"பழுப்புக் கவரும்மா. சர்க்கார் முத்திரை போட்டிருந்துச்சு."

பீரோவில் சர்க்கார் முத்திரை போட்ட பழுப்புக் கவர் ஒன்றுதான் இருந்தது. அதற்குள்தான் அமலராணியின் ஆர்டர். நாளைக் காலை ஏழே காலுக்குச் சின்னாளப்பட்டி பஸ்.

அவள் உட்காரவில்லை. வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பினாள்.

கிறிஸ்துராஜ் கூடவே ஓடிவந்தான். "நான் தள்ளுறேன் ராணி, குடு."

"வேணாம். இதை நானே தள்ளிக்கிடுவேன்" என்றாள் அமலராணி, நடையைக் குறைக்காமலே. "வரும்போது மாமாவைத் தள்ளிக்கிட்டு வரணும். அதுக்கு உங்க ரெண்டு கையும் வேணும்."